பீவரா தலையா

சாஸ்கடூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பாதிப் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்து
முதல் மணியைத் தவறவிட்டிருந்தார்கள்.
வந்தவர்களுக்குத் திரையில் ஓட்டிக் காட்டினேன்:
ஆயிரம் யுரேனிய அணுக்கள், ஆரஞ்சுப் புள்ளிகளாக.
ஒரு பொத்தான்.
நானூற்றைம்பது கோடி ஆண்டுகள்
பன்னிரண்டு நொடியில் கடந்துபோயின.
பாதி அணைந்தது. மீதியில் பாதி அணைந்தது.
வளைகோடு கொஞ்சமும் தடுக்காமல்
கீழே வந்து சேர்ந்தது,
சறுக்குமரம் பழகிய பிள்ளை மாதிரி.

"அப்படித்தானே எழுதி வெச்சிருக்காங்க, மிஸ்டர் ஏ"
என்றான் ஒலெக்ஸி, கையுறையைக் கழற்றாமலே.
எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.
எவரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில்,
காப்பி ஆறிக்கொண்டிருக்க.
எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் வங்கியில் நான்கு டாலர் கொடுத்து
ஐந்து சென்ட் நாணயங்கள்
இரண்டு சுருள் வாங்கி வந்தேன்.
மொத்தம் எண்பது.
எங்கள் பக்கம் பூவா தலையா என்போம் என்றேன்.
பூ எங்கே என்று புரட்டிப் பார்த்தார்கள்.
பூ இல்லை. பீவர்தான் இருந்தது,
மரத்தடியில் குந்திக்கொண்டு.
பீவர் விழுந்தால் சிதைந்தது, எடுத்து வை.
தலை விழுந்தால் இருக்கிறது, மறுபடி போடு.

எண்பது நாணயம் ஒரே நேரத்தில் மேசையில் விழும் சத்தம்
எந்தத் திரையிலும் கேட்டதில்லை.
பக்கத்து வகுப்பு பிரெஞ்சு டீச்சர்
கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.
நாற்பத்து மூன்று.
பத்தொன்பது.
பதினொன்று. ஆறு. இரண்டு.
மறுபடியும் இரண்டு. "ஏமாத்துது!" என்றது ஒரு குரல்.
பலகையில் கோடு
வண்டிக்காரன் குடித்துவிட்டு ஓட்டினது போல் வளைந்தாலும்
இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கியது.

ஒலெக்ஸி கணினிக்குப் போனான்.
ஆயிரத்தை அழித்துவிட்டுப் பத்து என்று போட்டான்.
ஓட்டினான். மறுபடி ஓட்டினான்.
ஆறு முறை, ஆறு வெவ்வேறு கோடு.
"யாரும் எழுதி வைக்கலை" என்றான்,
யாரோ கடன்பட்ட பணத்தைத்
திருப்பிக் கொடுத்த முகத்தோடு.

ஏழாவது வீச்சில் ஒன்றே ஒன்று மிச்சம்.
ரோஷெலின் கையில்.
எட்டு, தலை.
ஒன்பது, தலை.
பத்தில் வகுப்பே அவள் மேசையைச் சுற்றி.
யாரோ அதற்குப் பேர் வைத்தார்கள்,
யாரோ ஒரு சாக்லேட் பந்தயம் கட்டினார்கள்.
பதினொன்று. தலை.

"அதுக்குக் களைப்பா இருக்காதா, மிஸ்டர் ஏ?"
இருக்காது.
பதினொரு முறை வீசப்பட்டது
அதற்குத் தெரியாது.
அடுத்த வீச்சு அதற்கு எப்போதும் முதல் வீச்சு.
எது எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது.
எத்தனை என்று மட்டும் சொல்லலாம்,
நிறைய இருந்தால்.

"அப்போ அது தைரியம் இல்லை."
இல்லை.
ரோஷெல் நாணயத்தை விரலால் ஒருமுறை துடைத்தாள்.
"இருந்தாலும்" என்றாள்.
மணி அடித்தது.

மாலையில் சுருளைத் திரும்பக் கட்டினேன்.
எழுபத்தொன்பது.
மேசைக்கடியில், ஹீட்டர் இடுக்கில்,
என் கோட்டுப் பையில்கூடத் தேடினேன்.
பிறகு அவளுடைய அட்டவணையைத் திருத்த எடுத்தேன்.
பதினொன்றாம் வரிசைக்குக் கீழே
நான் போடாத ஒரு வரிசை,
அளவுகோல் வைத்து இழுத்தது.
வீச்சு: பன்னிரண்டு.
மீதம் என்ற கட்டத்தில் எண் இல்லை.
'இன்னும் போடவில்லை.'

சரி என்று குறியிட்டேன்.
வங்கியில் ஒன்று குறைகிறது என்றாள் அந்தப் பெண்.
என் பர்ஸிலிருந்து ஒன்று எடுத்து வைத்தேன்.
கவுண்டரில் அது பீவராக விழுந்தது.