மூன்று சாண் கீழே

வெடி ஒன்றுதான் கேட்டது.
இறக்காமக் குளத்துக்கு அந்தப் பக்கம்,
நெல் குடலை தள்ளியிருந்த இரவு.
பன்றிக்கென்று எவனோ கட்டிய கட்டுத்துவக்கு.
எவன் என்று எனக்குத் தெரியும்.
சொல்லமாட்டேன், அவனுக்கும் மூன்று ஏக்கர் வயல்.

வாடிக்குள் எழும்பி உட்கார்ந்தேன்.
காது அடுத்த வெடிக்குக் காத்திருந்தது.
தன்சானியாவில் நாலு வருடம்
வேட்டைக் கூடாரத்தில் சோறாக்கியவனின் காது.
அங்கே இரண்டாவது வந்தால் நல்லது,
மூன்றாவது வந்தால் இன்னும் நல்லது.
ஒன்றோடு நின்றால் பகல் சாப்பாடு ஆறிப்போகும்.
காயம்பட்ட எருமையைத் தேடி முடிக்காமல்
திரும்பக்கூடாது என்பது அவர்கள் சட்டம்.
அது தூர ஓடாது.
வளைந்து வந்து
தன் காலடித் தடத்துக்கே பக்கத்தில்
பற்றைக்குள் நிற்கும்,
வருகிறவனைப் பார்த்தபடி.

விலைப்பட்டியல் சமையல் கூடாரத்தில்தான் தொங்கும்,
உப்புப் போத்தலுக்கு மேலே.
எருமை இவ்வளவு டாலர், சிறுத்தை இவ்வளவு.
சிங்கத்தின் காசில்
இறக்காமத்தில் ஒரு வீடு கட்டலாம், மாடியோடு.
காயப்படுத்தித் தவறவிட்டாலும் முழுக்காசு.
அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

விழுந்ததும் ஸெஃபு கத்தியோடு ஓடுவான்.
உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான்
எங்கள் இருபது பேருக்கும் அந்த இறைச்சி.
"கழுத்தில் வேண்டாம்!" என்று கத்துவான் வெள்ளைக்காரன்.
தலை சுவருக்குப் போகவேண்டும்.
தோலில் வெட்டு விழுந்தால்
பஞ்சு அடைக்கிறவன் காசு கூடக் கேட்பான்.
கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்:
தாடையிலிருந்து மூன்று சாண் கீழே,
கழுத்து நெஞ்சோடு சேரும் குழியில்.
ஸெஃபு காய்ச்சலில் கிடந்த மாதம்
அளந்தவன் நான்.
பதினோரு எருமை.
பதினோரு முறை பிஸ்மில்லாஹ் சொன்னேன்,
பதினோரு முறையும் யாருடையவோ சுவரை நினைத்தேன்.

மறுகா டோச்சை எடுத்தேன்.
மீன் வெட்டும் கத்தியை இடுப்பில் செருகினேன்.
வாய்க்கால் கட்டில் இரத்தம்,
வரம்பைத் தாண்டி நாணலுக்குள் போனது.
நேரே போகவில்லை நான்.
தடத்தை விட்டு விலகி, காற்றுக்கு எதிரே, சுற்றிச் சுற்றி.
கண்டவன் சிரித்திருப்பான்:
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஒருவன் தன் சொந்த வட்டைக்குள்
ஒளிந்து ஒளிந்து போகிறான்.

அது வளைந்து வரவில்லை.
காத்திருக்கவும் இல்லை.
முன்னங்கால் முழங்காலோடு போயிருந்தது.
சேற்றில் படுத்து
மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.
டோச் வெளிச்சத்துக்குக் கண்ணைக்கூட மூடவில்லை.

பட்டிக்காரர் சாமித்தம்பிக்குப் போன் எடுத்தேன்.
நித்திரைக் குரல்:
"பின் சப்பையில என்ன குறி கிடக்கு?"
சேற்றை வழித்தேன், கையால் தடவினேன்.
குறி இல்லை. காதிலும் வெட்டில்லை.
"அப்ப அது குழுவன், காக்கா. காட்டு மாடு.
எனக்குமில்ல, உங்களுக்குமில்ல.
தொட்டாக் கோட்டுக்குப் போகவேணும்.
பேசாமப் போய்ப் படுங்க."

யாருக்கும் இல்லாத எருமை.
அங்கே என்றால் அதற்கும் ஒரு வரி இருந்தது,
உப்புப் போத்தலுக்கு மேலே.

அம்பாறை நகரத்து வெளிச்சம் வானத்தில் மங்கலாய்,
கிப்லாவும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான்.
தலையைத் திருப்பப் பார்த்தேன்.
எருமையைத் தனி ஆள் திருப்ப முடியாது.
தின்ன ஒருவரும் வரப்போவதில்லை.
தெரிந்துதான் குனிந்தேன்.

பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்.

முடிந்த பிறகுதான் டோச் அடித்துப் பார்த்தேன்.
தாடையிலிருந்து மூன்று சாண் கீழே,
சரியாக அந்தக் குழியில்.
மேலே கழுத்துத் தோல்
ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது.

வாய்க்காலில் கையைக் கழுவினேன்.
கழுவக் கழுவ
இடக்கை விரல்கள் மட்டும்
ஒரு சாணாய் விரிந்தே நின்றன.