அளவைக்கல்லுக்கு இப்பால்

வெர்னா ஸ்டிடமுக்கும் எனக்கும் நடுவே
நாற்பதடி நிலம், ஒரு வக்கீல் கடிதம்.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
கென்டக்கி மலைப் பள்ளத்தில்
இதெல்லாம் சகஜம்.

மரம் வெட்டியவர்கள் போன பிறகு
அவள் சரிவில் மிஞ்சியவை
கொஞ்சம் ஓக், ஹிக்கரி, ஒரு கோணல் மேப்பிள்.
அடியில் எங்கிருந்தோ வந்த புதர் மண்டிக் கிடந்தது.
அதை வேரோடு பிடுங்க
மூன்று குளிர்காலம் பிடித்தது அவளுக்கு.

பிறகு முழங்காலிட்டு நட்டாள்:
ரத்தவேர், காட்டிஞ்சி, பெரணி,
ஓடையோரம் ஸ்பைஸ்புஷ்.
டிரில்லியம் மட்டும் விதையாக.
பூக்க ஏழு வருடமாம்,
தபால்காரன் ஹாயட் சொன்னான்.
அவளுக்கு அப்போதே அறுபத்தெட்டு.
மானுக்குத் தீனி போடுகிறாள் என்று சிரித்தேன்.

இந்த ஏப்ரலில்,
மேலே இலை மூடுமுன்
வெயில் தரைவரை இறங்கும் சில வாரங்களில்,
அளவைக்கல்லுக்கு இரண்டு முழம் தள்ளி
என் பக்கத்தில்
மூன்று இலை. மூன்று இதழ். வெள்ளை.

நான் நடவில்லை. அவளும் தாண்டி வரவில்லை.
எறும்பு என்றான் ஹாயட்.
விதையில் ஒட்டிய கொழுப்புத் துணுக்குக்காக
இழுத்துப்போய்த் தின்றுவிட்டு
விதையைக் குப்பையில் வீசுமாம்.
ஆக,
நான் வழக்காடிய நிலம்
எறும்புகளின் குப்பைமேடு.

கோழிக்கூண்டுக் கம்பி வெட்டி
மான் வாய் எட்டாதபடி சுற்றி ஊன்றினேன்.
கட்டைவிரல் கிழிந்ததுதான் மிச்சம்.

நேற்றுப் பார்க்கிறேன்,
வேலி ஒரு சாண் உயர்ந்திருக்கிறது.
வேறு கம்பி. துரு இல்லாதது.
சட்டப்படி இது அத்துமீறல்.

முடிச்சு மட்டும்
இடதுகைப் பழக்கக்காரர் போட்டது.