ஏழு அருமை

பீல் நகரில் எந்தத் தெருவுக்கும் இரண்டு பெயர்.
ஒருவர் ஜெர்மனில் காலை வணக்கம் சொல்ல
மற்றவர் பிரெஞ்சில் பதில் சொல்லிப் போவார்.
இருபத்திரண்டு வருடமாய்
இரண்டுக்கும் தலையாட்டுகிறேன்.

வேலை மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்.
ஒவ்வொன்றாய் எடுத்து ஒலிவாங்கியின் மேல் வைப்பேன்.
திரையில் புள்ளிகள் நேராய் ஓடினால் சரி.
சாய்ந்தால் தனித்தட்டு.
ஒரு நாளைக்கு நானூறு துடிப்புக் கேட்கிற ஆள் நான்,
பிழை பிடிக்க மட்டும் பழகிய காது.

மாதக் கடைசி ஞாயிறு, மூன்று மணி,
தேவாலயத்துப் பின்னறையில் ஒன்பது பேர் கூடுவோம்
எழுதியதை வாசிக்க.
உள்ளதைச் சொன்னால், சீட்டுப் பிடிக்க:
காசுக்குப் பதில் 'அருமை'.
யூட்டுக்கு நான் ஒன்று போட்டால்
என் முறைக்கு யூட் ஒன்று போடுவார்.
தவரூபி இரண்டு போட்டு நாலு எதிர்பார்ப்பார்.
மற்றவர் வாசிக்கையில் என் தாளில்
ஒரு கமாவை அழித்துக்கொண்டிருப்பேன்.
கைதட்டல் கேட்டதும் நிமிர்ந்து, 'அருமை'.

பிலோமினா எதுவும் வாசித்ததில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை,
வெடித்த விரல்கள், கிறீம் மணம்.
கடைசிக் கதிரையில் மேலங்கி கழற்றாமல் இருப்பார்.
பஸ்ஸுக்கு நேரம் போக்க வருகிறார்
என்றுதான் நினைத்திருந்தேன்.

மாசியில் என் முறை.
வாசித்து முடித்தேன். ஏழு அருமை விழுந்தது.
எண்ணினேன்.
பிறகு அவர்:
"போன ஆவணியில வாசிச்சதிலயும் ஒரு போன் அடிச்சது.
நீங்கள் எடுக்கேல்லை.
அதுக்கு முதல், அந்த ரயில் கவிதையிலயும்.
இண்டைக்கும் அடிக்குது.
ஆர் அண்ணை அது?"

"படிமம்" என்றேன்.
அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டு
அப்படியே இருந்தார்.
வெப்பக்குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

அது என் தம்பி.
சூரிச்சில் இருக்கிறான், ஒன்றேகால் மணித்தியால ரயில்.
பதினொரு வருடமாய்க் கதையில்லை.
காரணம் ஒரு சீட்டு.
நிஜச் சீட்டு, பன்னிரண்டாயிரம் பிராங்.
இதைச் சொல்லவில்லை. சொல்ல வந்த வாயால்
"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

வாய்க்கால் ஓரமாய் நடந்தோம்,
அதற்கும் இரண்டு பெயர்.
உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று
நாலு வருடத்தில் முதல்முறை கேட்டேன்.
"ஒண்டு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "இருந்தது."
கடவுள், காலம், விதி எல்லாம்
என் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன.
பல்லைக் கடித்தேன்.
பஸ் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போனது.
அடுத்ததும் போனது.
அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
அது எனக்குச் சொன்னது.

அன்றிரவு அலுமாரித் தட்டில்
நாலு வருடத்துப் பிரதிகளை எடுத்து வைத்தேன்,
எல்லோரும் தந்தவை, மடிப்புக் கலையாதவை.
தவரூபியின் மகள் வீட்டை விட்டுப் போனது
மூன்று கவிதைகளில் இருக்கிறது.
மூன்றுக்கும் நான் 'அருமை' சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு கோடு சாய்ந்தது.
தட்டில் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேற்பார்வையாளர் ஹோஃப்ஸ்டெட்டர்
இரண்டு மொழியிலும் இருமினார்.

பங்குனியில் யூட் வாசித்தார்.
என் தாளைக் கீழே வைத்தேன், பென்சிலையும்.
"அந்த மேசையில் இரண்டு கோப்பை,
வீட்டில் ஒரு ஆள். ஏன்?"
பிழையான கேள்வி. அல்லது பிழையான இடம்.
பிலோமினாவின் குரல் எனக்கு வரவில்லை.
யூட்டின் முகம் கறுத்தது.
"கவிதையைப் பற்றிக் கதையும்" என்றார்.
போகும்போது கை தரவில்லை.

செவ்வாய் இரவு பத்தரைக்குப் போன் அடித்தது.
தம்பியோ என்று ஒரு கணம்
நெஞ்சுக்குள் கோடு சாய்ந்தது.
யூட்.

எடுத்தேன்.
"ஓம்" என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும்.
அவர் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி
உறுமி நிற்பது கேட்டது.
பிறகு, கொஞ்சம் தள்ளி,
கோப்பை ஒன்றை மேசையில் வைக்கிற சத்தம்.