கரை, கறை

ஸாஹிதான். புழுதிக்காற்று
ஜன்னலைச் சாத்தச் சொல்லும் பிற்பகல்.
தாஹெரே இரண்டு குழாய்களில் யூரியாக் கரைசல் ஊற்றி
இரண்டு ரத்தக் கட்டிகளை இறக்கிவிட்டுக்
கடிகாரம் பார்க்கிறாள்.
ஒன்று அவளுடையது.
மற்றது, காஷிலிருந்து தாயோடு பஸ்ஸில் வந்த பையனுடையது.

அவளுடையது நாளைவரை அப்படியே கிடக்கும்.
பையனுடையது
தேநீர் ஆறி முடிப்பதற்குள் காணோம்.

உறையாத ரத்தமில்லை இது.
உறையும், எல்லோருக்கும்போல.
வீட்டார் விளக்கணைத்துப் படுப்பார்கள்.
விடியலில் மறுபடி திறந்துகொள்ளும்.
நூல் இருக்கிறது, முடிச்சும் விழுகிறது,
இறுக்க வேண்டிய விரல்தான் வரவில்லை.

நான் எழுதும் மொழியில் சொன்னால்
கரை என்றிருக்க வேண்டிய இடத்தில்
கறை.
ஓர் எழுத்து.
யாரோ ஒரு பாட்டனுக்குப் பாட்டன்
உடம்பில் படியெடுத்தபோது விழுந்த பிழை.
அதன்பின் எல்லாமே மறுபதிப்பு.

சுவரில் ஒட்டிய தாளில்
பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம்.
சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு.
(முறைப்பெண் என்று ஒரு சொல் வைத்திருக்கும் நமக்கு
இந்தக் கோடு புதிதல்ல.)
துர்பீபி சொல்லச் சொல்ல வரைகிறாள்.
பையனுக்கு முன்னால்?
"பெண். ஏழாம் நாள். தொப்புள்."
அதற்கு முன்னால்?
"ஆண். ஐந்து. தொப்புள்."
ஆறாம் இரவில்தான் பெயர் வைப்பார்களாம்.
அந்தச் சதுரத்துக்கு எண் மட்டும்.

தொப்புள்கொடி உறவு என்று
மேடையில் நெகிழ்ந்து சொல்வோம் நாம்.
அவள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது
வலது உள்ளங்கை எதையோ அழுத்துகிறது,
அங்கே துணியுமில்லை, குழந்தையுமில்லை.

"கத்திதான் காரணம். ஸர்காத்தூன் கத்தி.
ஊருக்கே தெரியும்."

முடிவுகள் வர எட்டு மாதம்.
தாளை மடித்துக்கொண்டு தாஹெரே காஷுக்குப் போனாள்.
தூரத்தில் தஃப்தான் மலை புகைந்துகொண்டிருந்தது.
ஸர்காத்தூன் பேரீச்சங்கொட்டைகளை ஆடுகளுக்கு
இடித்துக்கொண்டிருந்தாள்.
பதினொரு வருஷமாக ஒரு பிரசவத்துக்கும்
யாரும் அழைக்காத கைகள்.

கத்தி இல்லை, என்றாள் தாஹெரே.
"பின்னே?"
ரத்தம்.
"யாருடையது?"

தாளில் இருந்தது. துர்பீபியின் அத்தை,
இரண்டாம் தலைமுறை, நான்காம் வட்டம்,
பாதி கறுப்பு.
உங்களிடமும் ஒரு பாதி இருக்கிறது.
உங்களை ஒன்றும் செய்யாது.

உலக்கை நின்றது.
உள்ளே போனவள்
மஞ்சள் துணியில் சுற்றிய கத்தியோடு வந்தாள்.
துரு ஒரு புள்ளி இல்லை.
"வெள்ளிதோறும் கொதிக்க வைத்தேன்.
வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் கொதிக்க வைத்தேன்.
இதை ஊருக்கு யார் சொல்வது, நீயா?
உன் தாளா?"

தாஹெரேயிடம் பதில் இல்லை.
பையனுக்கு மாதம் ஓர் ஊசி போதும்,
குளிர்பெட்டியில் மருந்து இருக்கிறது
என்று எதையோ சொன்னாள்.
துர்பீபிக்கு அடுத்த மாதம் நாள் என்றும்,
கொடி அறுக்கும்போதே
அதன் ரத்தத்தில் கொஞ்சம் பிடித்து
ஐஸில் அனுப்ப வேண்டும் என்றும்.

ஆடு ஒன்று உரலுக்குள் தலைவிட்டது.
ஸர்காத்தூன் அதை முழங்காலால் தள்ளினாள்.

"குழாயை யார் பிடிப்பார்கள்?"