நிழல் கணக்கு

எங்கள் கூரைக்கு மேலேதான் போகிறது
ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொண்டுபோகும் கம்பி.
மழைநாளில் காது கொடுத்தால்
தேனடை மாதிரி இரையும்.
அணை இந்தப் பக்கம், மின்நிலையம் அந்தப் பக்கம்,
நடுவில் எமரால்டில் நாங்கள்
மெழுகுவத்தி வாங்குகிறோம்.

ஆடியில் மரம் விழுந்து மூன்று நாள் இருட்டு.
இரண்டாம் இரவு தர்ஷிகாவுக்கு இழுப்பு.
நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு
ஜீப்பில் மஞ்சூர் போனோம்.
ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் பிளக்கைச் செருகினார்கள்.
எனக்கு அழுகை வரவில்லை.
பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்:
நூற்றிருபது வாட்.

அப்படித்தான் தொடங்கியது.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்.
பல்பு மூன்று, ஒன்பது வாட், ஐந்து மணி நேரம்: நூற்று முப்பத்தைந்து.
போன் இரண்டு: முப்பது.
மோடம், யோகராசா விட்டுத்தர மாட்டார்: நூறு.
நெபுலைசர், அரை மணி: அறுபது.
மிக்சியை எழுதினேன், அடித்தேன்.
மறுபடி எழுதி மறுபடி அடித்தேன்.
சட்னி அம்மியில் ஆகும்.
மூச்சு அம்மியில் ஆகாது.

வாட்டையும் வாட்-மணியையும் குழப்பிக்கொண்டு
ஒரு வாரம் போனது.
குழாயில் வரும் வேகம் ஒன்று,
குடத்தில் நிறைந்தது வேறு;
தண்ணீர் பிடிக்கும்போதுதான் உறைத்தது.

ஊட்டிக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி
"தினம் அஞ்சு மணி நேர வெயில்" என்றார்.
அது தாராபுரத்து வெயில், அண்ணே.
இங்கே பத்துக்குத்தான் மலை வழிவிடும்,
ரெண்டுக்கெல்லாம் மேகம் வாசலில் செருப்பைக் கழற்றிவிடும்.

நம்பாமல் நானே பார்த்தேன்.
துணிக்கொடியில் ஒரு கிளிப்,
கீழே தரையில் அதன் நிழல்.
கூராக விழுந்தால் வெயில்.
விழவில்லையென்றால் வெறும் வெளிச்சம்,
அதில் பாவாடை நாடாகூடக் காயாது.
ஒரு மாதம் குறித்து, கூட்டி, வகுத்து
இரண்டரை மணி.

பேட்டரி இரண்டு நாள் தாங்க வேண்டும்.
ஈயமென்றால் பாதிக்குமேல் உறிஞ்சக் கூடாதாம்.
லித்தியமென்றால் உறைபனியில் சார்ஜ் ஏற்றக் கூடாதாம்.
தையில் புல்லெல்லாம் உப்புப் பூத்து நிற்கிற ஊர்.
அடுப்படிச் சுவரோரம் வைக்கலாம் என்றேன்.
"பிள்ளை தூங்குற எடத்துல ஆசிட்டா?" என்றார்.
அன்றைக்கு முழுக்க
உப்பு வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

பலகையை ஏற்ற ஏணி வைத்த அன்றுதான் புரிந்தது.
எங்கள் தகரத்தின் மேல் எஸ்டேட் சில்வர் ஓக்
பகல் முழுக்கப் படுத்துக்கிடக்கிறது.
கம்பெனி மரம், கை வைக்க முடியாது.
நான் நிழல் பார்த்த கொடியோ
வேலிக்கு அந்தப் பக்கம், போஜன் களத்தில்.
இரண்டரை மணி நேரமும் அவருடையது.

கேரட் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.
"அப்போ உங்க வெயில் எங்க கூரையில விழுதா?"
சிரித்தார்.
"வெச்சுக்க. ஒயர் எத்தன அடி?"
நாற்பது. தடித்த ஒயர், அது தனிச் செலவு.
வாடகை கேட்பாரென்று நின்றேன்.
"மாட்டுக் கொட்டாய்க்கு ஒரு பல்பு போதும்.
விடியவிடிய எரியணும்.
காட்டெருமை வந்தா மூஞ்சி தெரியணுமில்ல."

ஒன்பது வாட், பதினோரு மணி நேரம்:
தொண்ணூற்றொன்பது.
பார்க்கச் சின்ன பல்பு,
பசி மட்டும் மோடத்தின் பசி.
இன்னொரு பலகை வாங்கப் பணமில்லை.
போஜனிடம் பாதி ராத்திரியோடு அணைக்கச் சொல்வதா?
எருமைக்கு யார் சொல்வது?
நோட்டை மூடிவைத்துப் படுத்துவிட்டேன்.

மோடத்தை நான் அடிக்கவில்லை.
காலையில் பால் எழுதத் திறந்தபோது
அடிபட்டிருந்தது.
என்னுடையது நீலப் பேனா.
கோடு சிவப்பு.

முந்நூற்று இருபத்துநான்கு.
இன்னும் எதுவும் வாங்கவில்லை.