அடகு இலக்கம் 417

அக்கரைப்பற்றுக் கிளை, கம்பிக் கூண்டு.
உரைகல், அமிலப் போத்தல், தராசு, நான்.
தம்பிலுவில் மாணிக்கவல்லி
கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து வைத்தாள்:
வளையம் ஒட்டிய ஒற்றைக் காசு.

எட்டுத் தசம் ஏழு கிராம்.
உரசினேன். இருபத்தொன்றரை கரட்.
பவுணுக்குக் கொஞ்சம் கூட, ஆனால் பவுண் இல்லை.
ஐந்து டொலர். ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பது.

மற்றக் காசுகளில் முகம் மேடு.
இதில் குழி வெட்டி
முகத்தை உள்ளே இறக்கியிருக்கிறார்கள்.
இறகு சூடிய தலை,
இறகிடுக்கில் சந்தனமோ சவர்க்காரமோ.
மறுபுறம் கழுகு. அதன் காலடி அம்புகளின் பக்கத்தில்
கடுகிலும் சின்னதாய் ஒரு வட்டம்.

வில்லையைக் கண்ணில் செருகினேன்.
அழுக்கில்லை. எழுத்து. ‘ஓ’.
பதினாறு வருடமாய்ப் பட்டியல் புத்தகத்தில்
விரலால் மட்டும் தொட்ட எழுத்து.
உச்சியில் பற்றாசு வைத்த தட்டானை
மனதுக்குள் ஏசினேன்;
அவன் கெடுத்தது போக மிஞ்சியதே
ஒரு வீட்டுக்குக் கூரை போடும்.

படிவத்தில் வருடத்துக்குக் கட்டமில்லை.
எடை, கரட், தொகை.
நிரப்பினேன்.
பொய் ஒன்றும் எழுதவில்லை.

வட்டி ஏறியது.
நினைவூட்டற் கடிதங்களில் அவளுடையது மட்டும்
இரண்டு கிழமையாய் என் லாச்சிக்குள்.
முத்திரைகூட ஒட்டியிருந்தது.
தபாற்கந்தோர் எதிரேதான்.
ஏலத்துக்கு யார் வருவார், எதுவரை கேட்பார்
எல்லாம் எனக்குத் தெரியும்.
வீட்டில் வெல்வெட் தட்டில்
ஒரு பள்ளத்தை வெறுமையாய் விட்டிருந்தேன்.

கடைசி நாள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம்.
நெல்லுத் தூசி அப்பிய நோட்டுகளோடு வந்தாள்.
எண்ணினேன், சரியாக இருந்தது.
திரும்பவும் எண்ணினேன்.

“இதில இரிக்கிற ஆள் ஆரு சேர்?”

“அந்த நாட்டுப் பழைய குடி.
காணியை எடுத்துப்போட்டு
காசில அடிச்சிரிக்காங்க.”

வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள்,
தெரிந்த ஒருவரைத் தேடுவதுபோல.
“முகத்தையாவது வச்சிரிக்காங்க.”

வட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னது வேறு:
“புளி போட்டுத் துலக்கிராதீங்க.”

ஏனென்று கேட்கவில்லை.
கைலேஞ்சியில் முடிந்து
சட்டைக்குள் செருகினாள்.

“மறுகா வாறன் சேர்.”