மூன்றாவது பலகை

விளம்பரத்தில் இரண்டு வருஷம் ஓடியது.
போனில் எட்டு மாதம்.
பட்டர்வொர்த் கடைவீட்டின் மாடிப்படியில்
"அதிகம் ஓட்டவே இல்லை, மிஸ்" என்றார்.
படிக்குப் படி இளைத்துக்கொண்டே வந்தது
இயந்திரத்தின் வயசு.

ஊய் கெட் ஹின் அவர் பெயர்.
அரைக்கால் சட்டை, இரண்டு காதிலும் பஞ்சு.
அறை நீள இரும்பலமாரி.
பிட்காயின் தோண்டுகிற பெட்டி ஒன்று மிச்சம்.
மற்றத் தட்டுகளில் தூசி படியாத செவ்வகங்கள்,
போன பெட்டிகளின் அளவில்.

நான் பாயான் லெப்பாஸில் சிப் சுடுகிறவள்.
நூற்றிருபத்தைந்து டிகிரி அடுப்பில்
புதுசுகளை நாற்பத்தெட்டு மணி நேரம் வாட்டி
சாவதை அங்கேயே சாகவிடும் பிரிவு.
பிழைத்தவை கப்பலேறும்.
கப்பலேறிப் போனவை
பிறகு எப்படி வயசாகின்றன என்று
எங்களுக்கு யாரும் எழுதுவதில்லை.

மூக்கிலிருந்து தொடங்கினேன்.
கருகல் இல்லை, ஊதுவத்திப் புகைதான்.
டார்ச் அடித்தேன்.
தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பல் கம்பளி.
திருகுகளின் தலையில் பச்சை பூத்திருந்தது, கடற்காற்று.
ஒரே ஒரு திருகு மட்டும் பளபளவென்று.
விசிறிக்கும் வலைக்கும் நடுவே
காய்ந்த பல்லி, வால்கூட உதிராமல்.
"அது இலவசம்" என்றார்.
வரிசை எண் ஒட்டியிருந்த இடம் கிழிந்திருந்தது.
"பூனை" என்றார்.

ஓட விடுங்கள்.
பத்து நிமிஷம் போதுமே?
நாற்பது.
கரண்டு காசு?
பத்து ரிங்கிட் நோட்டை அலமாரியில் வைத்தேன்.
பறந்துவிடும், பல்லியை மேலே வை என்றார்.

வீறிட்டது. சன்னல் கண்ணாடி அதிர
பஞ்சின் பொருள் எனக்கு விளங்கியது.

மடிக்கணினியில் வரிவரியாய் அதன் பதிவேடு.
இணையம் வந்து சொல்லும்வரை அதற்குத் தேதி தெரியாது.
ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் எழுதிக்கொள்கிறது
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
இதனிடமா போய் வயசு கேட்பது.

முதல் பலகையில் நூற்றுப் பதினாலு சிப்பும்
உள்ளேன் ஐயா.
இரண்டாவதிலும்.
மூன்றாவதிலும்தான், இருபத்தோராம் நிமிஷம்வரை.
எண்பத்து மூன்று டிகிரியில்
நாற்பத்தெட்டாவது சிப் கையை விட்டது.
அதன் பின்னால் கைகோத்து நின்றவை
ஒரு குறையும் இல்லாமலே காணாமல் போயின.
பிறகு பூஜ்யம்.
விசிறிகளுக்குச் செய்தி போகவில்லை,
மூன்று பேருக்கும் சேர்த்தே வீசிக்கொண்டிருந்தன.

அவர் திரையைப் பார்க்கவில்லை.
பளபளத்த திருகைப் பார்த்தார்.

அமைப்புப் பக்கத்தில்
தொழிலாளி பெயர் என்ற கட்டம் அழிபடாமல் இருந்தது.
ருமா பாரு.
புது வீடா, உங்களுக்கா?
"எனக்கு எதுக்கு? அலோர் ஸ்டாரில் ஒருத்தன்,
அவன் வைத்த பேர். அவனிடம்தான் வாங்கினேன்."
எப்போது?
"எட்டு மாதம்" என்றார்,
"சொன்னேனே."

சொல்லியிருந்தார்தான்.
இரண்டு வருஷமும் நிஜம், எட்டு மாதமும் நிஜம்.
அதிகம் ஓட்டவில்லை என்பதற்கு
வெறும் செவ்வகங்களே சாட்சி.
கூட்டிப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

கட்டினானா அவன்?
தோளைக் குலுக்கினார்.
நிறுத்திய பிறகும் உரக்கவே பேசினார்.
இரண்டு பலகைக்குக் காசு கொடுத்தேன்.
மூன்றாவதைப் பல்லிக் கணக்கில் சேர்த்தார்.
பத்து ரிங்கிட்டை மட்டும் திருப்பவில்லை.

ஃபெரியில் மோட்டாரின் கால்வைக்கும் இடத்தில்
ரப்பர் கயிற்றால் இறுக்கியிருந்தேன்.
காற்று உப்பாக வந்தது.
ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினேன்,
தாமதமாகத்தான்.

குளுகோர் பிளாட்டில் சொருகினேன்.
எழுபது, ஜனவரி ஒன்று என்றது.
மூன்றாவது பலகை
நூற்றுப் பதினாலு பேரும் இருக்கிறோம் என்றது.
பெயர்க் கட்டத்தில் கர்சர் துடித்தது.
இருபத்தோரு நிமிஷம் இருக்கிறதே என்று
எதையும் அழிக்காமல்
டீ போடப் போனேன்.